வயதைக் கேட்டால் வயதை மட்டும் சொல்ல முடியுமா?

பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கம் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பல வேறொரு கவலையைத் தொட்டிருந்தன. இணையதளங்களும் செயலிகளும் வயதைச் சரிபார்க்கத் தொடங்கும்போது நம் அந்தரங்க விவரங்கள் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதே அந்தக் கவலை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒன்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பொருளைக் கருதி, எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

*

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். இனிமேல் பிள்ளைகள் செயலிகளில் சேரப் பெற்றோர் ஒப்புதல் தர வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அதற்காக முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்கு என் ஆதார் அட்டையைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகிழ்ச்சி, அச்சம் இரண்டுமே நியாயமானவை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அதன் 9-ஆவது பிரிவின்படி, குழந்தையின் விவரங்களைக் கையாளும் எந்த நிறுவனமும் முதலில் பெற்றோரிடம் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும். குழந்தை எதைப் பார்க்கிறது, எங்கே நிற்கிறது என்று பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் அதே பிரிவு தடை செய்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. இவற்றுக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. குழந்தைகள் தொடர்பான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் விற்கிற வழக்கத்துக்கு இந்த நாட்டில் முதன்முறையாக ஒரு வேலி போட்டிருக்கிறார்கள் என்பதால், இந்தச் சட்டத்தின் நோக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

சிக்கல் நோக்கத்தில் இல்லை. வாசலில் வருகிறவர்களில் குழந்தை யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், வருகிற எல்லோரையும் நிறுத்தித்தான் கேட்டாக வேண்டும். குழந்தைக்கென்று எழுதப்பட்ட விதி, இப்படித்தான் பெரியவர்கள் அனைவரின் மீதும் வந்து விழுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆதார் அட்டையின் படத்தை அனுப்ப வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஒப்புதல் தருபவர் அடையாளம் காணத்தக்க, வயது வந்த ஒருவர்தானா என்பதை நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும் என்பதே 10-ஆவது விதி. அதற்கு மூன்று வழிகளை அந்த விதி காட்டுகிறது: உங்களைப் பற்றி அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள நம்பகமான விவரங்கள், நீங்களாக முன்வந்து தரும் விவரங்கள், அல்லது ஆவணங்களை மின்வடிவில் வைத்துக்கொள்ளும் அரசின் டிஜிலாக்கர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சேவை வழங்கும் மின்னணு டோக்கன், அதாவது உங்கள் அடையாள, வயது விவரங்களோடு இணைக்கப்பட்ட ஒரு குறியீடு. உங்களுக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் டோக்கனைத் தேர்ந்தெடுங்கள். வேறு வழியே இல்லை, அட்டையைத்தான் காட்ட வேண்டும் என்று ஒரு செயலி அடம்பிடித்தால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம். அதையும் ஏற்காத செயலி உங்கள் மகளுக்கு அவ்வளவு அவசியமா என்பதை அப்போது யோசிக்கலாம்.

*

கேள்வி: வங்கியில் அடையாள அட்டை காட்டுகிறோம், ரயிலில் காட்டுகிறோம், லாட்ஜில் அறை எடுத்தால் ஜெராக்ஸே கொடுக்கிறோம். இணையத்தில் காட்டச் சொன்னால் மட்டும் ஏன் இந்தக் கூச்சல்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, நான் கண்ணால் கண்ட ஒன்றை முதலில் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தில் வறுத்த வேர்க்கடலை வாங்கினேன். கடலையைத் தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தபோது, உள்ளே ஒரு பெண்ணின் ஆதார் நகல் இருந்தது. முகம் கறுத்துப் போயிருந்தாலும் பெயர், கணவர் பெயர், கதவிலக்கம், பிறந்த தேதி, பன்னிரண்டு எண்கள் எல்லாமே தெளிவாக இருந்தன. ஓரத்தில் "சிம் கார்டு வாங்க" என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். யாரோ ஒரு கடைக்காரர் பழைய தாள்களோடு அதையும் எடைக்குப் போட்டிருக்க வேண்டும். நான் அதைக் கிழித்து எறிந்தேன். அதே கட்டில் இருந்த மற்ற நகல்கள் யார் யார் கைக்குப் போயினவோ!

ரயிலில் பரிசோதகர் அட்டையைப் பார்க்கிறார், திருப்பித் தருகிறார். அந்தப் பார்வை அத்தோடு முடிந்துவிடுகிறது. லாட்ஜில் கொடுக்கிற ஜெராக்ஸோ மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது. பார்ப்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் உள்ள இந்த வேறுபாடுதான் விஷயத்தின் உயிர்நாடி. இணையத்தில் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அங்கே இழுப்பறை எந்த நாட்டில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அதன் சாவி, நாம் பெயரே கேள்விப்படாத மூன்றாவது நிறுவனத்திடம் இருக்கலாம்.

இது வெறும் கற்பனை பயமன்று. டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியின் பயனர்கள் சுமார் 70,000 பேருடைய அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே கசிந்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே 2025 அக்டோபரில் அறிவித்தது. தங்கள் வயது தவறாகக் கணிக்கப்பட்டதாக முறையிட்டவர்கள், தாங்கள் பெரியவர்கள்தான் என்று மெய்ப்பிப்பதற்காக அனுப்பிய படங்கள் அவை. ஊடுருவப்பட்டது டிஸ்கார்டின் சொந்தக் கணினி அன்று; வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க அது அமர்த்தியிருந்த வெளி நிறுவனத்தின் அமைப்பு. விதிக்குக் கீழ்ப்படிந்து நடந்தவர்களுக்குத்தான் அந்த இழப்பு நேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் பிறந்த தேதியையும் மாற்ற முடியாது.

மடியில் கனமில்லாதவர்களும் பயந்துதான் ஆக வேண்டிய சூழல்கள் உண்டு, ஐயா. கணவரின் அடி தாங்காமல் எங்கே போகலாம் என்று இரவு இரண்டு மணிக்குத் தேடுகிற பெண்ணை எண்ணிப் பாருங்கள். வெளியே சொல்ல முடியாத ஒரு நோயைப் பற்றிக் கேட்க வருகிற இளைஞரை எண்ணிப் பாருங்கள். மேலதிகாரியின் லஞ்சத்தைப் பற்றி எழுத நினைக்கிற கடைநிலை ஊழியரும் இருக்கிறார். இவர்களில் யாரும் குற்றவாளி அல்லர். வாசலில் அட்டையைக் கேட்டால் இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகக் கூறினர். அந்த உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்குச் சட்டமும் தகுந்த காரணமும் இருக்க வேண்டும், கட்டுப்பாடும் தேவையின் அளவைத் தாண்டக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. "18 நிறைந்துவிட்டதா?" என்ற ஒரு கேள்விக்காகக் கதவிலக்கம் வரை வாங்குவது தேவையின் அளவா என்பதுதான் என் கேள்வி.

*

கேள்வி: எனக்கு 17 வயது. பொறியியல் முதலாண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அப்பா ஆடு மேய்ப்பவர். அவரிடம் இருப்பது பட்டன் போன். ஒவ்வொரு செயலிக்கும் அவர் ஒப்புதல் தர வேண்டும் என்றால் நான் என்ன செய்வது?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, இந்தச் சட்டத்தில் எனக்குள்ள மனக்குறைகளில் பெரியது இதுதான். அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட குழந்தைகள் இணைய அந்தரங்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களுக்கே பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ள இடம் தருகிறது. நம் சட்டமோ ஏழு வயதுக் குழந்தையையும் கல்லூரியில் படிக்கிற உன்னையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறது. போதிய பாதுகாப்புடன் நடப்பதாக அரசு நிறைவடைந்தால், குறிப்பிட்ட நிறுவனங்களுக்கு இந்த வயதைக் குறைத்து அறிவிக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அந்த இடத்தை அரசு பயன்படுத்த வேண்டும்.

கல்வி நிறுவனங்களுக்கும் மருத்துவ நிறுவனங்களுக்கும் அவற்றின் பணிக்குத் தேவையான அளவில் விலக்கு உண்டு. ஆகவே உன் கல்லூரியின் பாட வேலைகள் இதனால் தடைப்படத் தேவையில்லை. மற்றவற்றுக்கு, 2027 மே மாதத்துக்குள் உனக்கு 18 நிறைந்துவிடும் என்று நினைக்கிறேன். உன் தம்பி தங்கைகளுக்கு அந்த வசதி இல்லை. அப்பாவின் பெயரில் அண்ணனோ, பக்கத்துக் கடைக்காரரோ ஒப்புதல் தருகிற வழக்கம் கிராமங்களில் வந்துவிடும் என்றே அஞ்சுகிறேன். ஒப்புதல் தருபவர் பெரியவரா என்பதைத்தான் விதி சரிபார்க்கச் சொல்கிறது. அவர் உண்மையில் பெற்றோர்தானா என்பதை உறுதிசெய்யும் வழியை அது காட்டவில்லை.

*

கேள்வி: ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் மகளுக்கு 19 வயது. அவளிடமும் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி செல்ஃபி காணொளி அனுப்பச் சொல்கிறது ஒரு செயலி. முகத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிட முடியுமா?
– ஒரு தந்தை, மெல்பர்ன்

பதில்: தோராயமாகச் சொல்ல முடியும், துல்லியமாக முடியாது. முகத்தின் படத்தைக் கணினி ஆராய்ந்து ஒரு வயதை மதிப்பிடுகிறது. அது சில ஆண்டுகள் முன்பின்னாகலாம் என்பதால், 12 வயதையும் 35 வயதையும் பிரிப்பதில் தடுமாறாத கருவி 15-க்கும் 19-க்கும் இடையில் தடுமாறிவிடுகிறது. அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனம் 2024-இல் இத்தகைய கருவிகளைச் சோதித்தபோது, ஆண்களின் முகங்களைவிடப் பெண்களின் முகங்களில் பிழை ஏறக்குறைய எப்போதும் அதிகமாகவே இருந்தது. பிறந்த நாட்டைப் பொறுத்தும் பிழையின் அளவு மாறியது. எல்லைக்கு அருகில் இருப்பவரைக் கருவி சந்தேகிக்கும்; சந்தேகித்தால் அடுத்தது அட்டையைக் கேட்கும். டிஸ்கார்டில் நடந்தது அதுதான்.

ஆனால் உங்கள் நாட்டுச் சட்டத்தில் நம் சட்டம் கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டு அம்சங்கள் இருக்கின்றன. 2024-இல் நிறைவேறி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தின்படி, அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாக வைக்க நிறுவனங்களுக்கு அனுமதியில்லை. நியாயமான மாற்று வழி ஒன்றையும் தந்தாக வேண்டும். வயதைச் சரிபார்க்கவென்று வாங்கிய விவரத்தை, அந்த வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். உங்கள் மகள் இவ்விரண்டையும் உரிமையோடு கேட்கலாம். கடமை தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் உண்டு. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தண்டனை எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, நம் விதிகளின் 8-ஆவது விதி, கையாண்ட தனிநபர் விவரங்களையும் அவற்றோடு தொடர்புடைய பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது. அரசு பிற்பாடு கேட்கக்கூடும் என்பதற்காக எழுதப்பட்டது அது. வயதுச் சரிபார்ப்பு விவரங்களுக்கு மட்டுமாவது இதிலிருந்து விலக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓராண்டு வைத்திருப்பது, திருட வருகிறவனுக்கு ஓராண்டு அவகாசம் தருவதாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்டையும் கேட்காமல் முகமும் கேட்காமல், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள் என்பதைக் கொண்டே வயதை ஊகிக்கும் முறையும் இருக்கிறது. வயது வந்தோர் பலரிடம் எதுவும் கேட்காமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆவணம் கேட்காததால் அது மென்மையான முறையாகத் தோன்றும். ஆனால் ஊகிப்பதற்கு இடைவிடாமல் கவனித்தாக வேண்டும்.

*

கேள்வி: நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். பெயரைச் சொல்லாமல் வயதை மட்டும் மெய்ப்பிக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா, விற்பனைப் பேச்சா?
– வாசகர், சென்னை

பதில்: உண்மைதான். துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக நமக்குப் பழக்கமான ஒன்றைக்கொண்டு விளக்குகிறேன். தேர்தல் நாளன்று மாலையில் உங்கள் இடக்கை ஆட்காட்டி விரலைப் பார்க்கிற எவருக்கும் நீங்கள் வாக்களித்துவிட்டது தெரிகிறது. ஆகவே உங்களுக்கு 18 நிறைந்துவிட்டது என்பதும் தெரிகிறது. ஆனால் உங்கள் பெயரோ தெருவோ, நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதோ அந்த மையிலிருந்து யாருக்கும் தெரியாது. மை வைத்த அலுவலர் உங்கள் அடையாளத்தைப் பார்த்தார். ஆனால் அந்த விரலோடு நீங்கள் அதன் பிறகு எங்கெல்லாம் போனீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

மின்னணு உலகில் இந்த மையைப் போன்ற ஒரு சான்றை உருவாக்க முடியும். உங்கள் வயதை அறிந்த ஓர் அமைப்பு, "இவர் 18 நிறைந்தவர்" என்று மட்டும் கையொப்பமிட்ட சான்றை உங்கள் கைப்பேசியில் வைக்கிறது. தளம் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்து உள்ளே விடுகிறது. உங்கள் பெயர் தளத்துக்குத் தெரியக் கூடாது. நீங்கள் போன தளம் சான்று வழங்கியவருக்குத் தெரியக் கூடாது. பிரான்சின் ஒழுங்குமுறை அமைப்பான ஆர்காம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறையில் இதை இரட்டைப் பெயரின்மை என்று குறிப்பிட்டது. ஐரோப்பிய ஆணையமும் இந்த அடிப்படையில் ஒரு வயதுச் சரிபார்ப்புச் செயலியின் முன்மாதிரியை 2025 ஜூலையில் வெளியிட்டு, டென்மார்க், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளோடு சோதனையைத் தொடங்கியது.

நம் 10-ஆவது விதியில் வருகிற டோக்கன் இந்த மையைப் போன்றதாக இருக்குமா என்பதுதான் இப்போது கவனிக்க வேண்டியது. டோக்கன் வழங்குபவருக்கு அது எங்கே பயன்படுத்தப்படுகிறது என்பது தெரியக் கூடாது என்ற நிபந்தனை அந்த விதியில் எழுதப்படவில்லை. எந்தக் குடிமகர் எந்த நேரத்தில் எந்தத் தளத்தின் வாசலில் நின்றார் என்ற பட்டியல் ஒரே இடத்தில் சேருமானால், அட்டையின் நகலைவிட அது ஆபத்தானது. உங்களைப் போன்ற துறைசார்ந்தவர்கள் இப்போதே குரல் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். அமைப்பைக் கட்டி முடித்த பிறகு மாற்றுவது கடினம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியவர் அல்லர் நீங்கள்.

*

கேள்வி: பிரிட்டனில் படிக்கிற என் மகன், அங்கே வயது கேட்டால் எல்லோரும் வேறு நாட்டிலிருந்து இணைவதுபோலக் காட்டும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொள்கிறார்கள் என்கிறான். அப்படியானால் இந்தச் சட்டங்களால் என்ன பயன்?
– வாசகர், காரைக்குடி

பதில்: பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி ஆபாசத் தளங்களில் கட்டாய வயதுச் சரிபார்ப்பு 2025 ஜூலை 25 அன்று தொடங்கியதும், விபிஎன் செயலிகளின் பதிவிறக்கம் அங்கே பல மடங்கு பெருகியது உண்மை. சட்டத்தை நீக்கக் கோரிய மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஆனாலும் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். விவரமறியாத சிறு பிள்ளைகளின் கண்ணில் தற்செயலாகப் படுவது குறையும். வேண்டுமென்றே தேடுகிற பதினாறு வயதுப் பையனை அது தடுக்காது. உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: இலவச விபிஎன் நடத்துகிறவருக்கும் செலவு உண்டு, அந்தச் செலவைப் பயனரின் இணையப் பழக்கங்களை விற்று ஈடுகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

*

கேள்வி: ரம்மி செயலி ஒன்றில் ஆதார், பான் எல்லாம் கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பண விளையாட்டு நின்றுவிட்டது. நான் கொடுத்த விவரங்கள் என்னவாகும்?
– வாசகர், சேலம்

பதில்: 18 வயதுக்குட்பட்டோரை விலக்குவதற்காகவே 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் விதிமுறைகள் இத்தகைய செயலிகளில் ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை விளையாடவும் தடை விதித்தன. அந்தரங்க உரிமையைக் காட்டி நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று தள்ளுபடி செய்தது. கடன்பட்டுச் சிதைந்த குடும்பங்களை நினைத்தால் அந்தத் தீர்ப்பின் கவலை எனக்குப் புரிகிறது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. விளையாட்டு நின்றுவிட்டது, விவரங்கள் மட்டும் தங்கிவிட்டன.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் கணக்கை மூடவும் ஆவணங்களை அழிக்கவும் கேளுங்கள். வரி போன்ற பிற சட்டங்களின்படி வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்று பதில் வந்தால், எந்தச் சட்டம், எத்தனை ஆண்டுகள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றைப் பார்க்கலாம். கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டியும் வைக்கலாம். விவரம் கசிந்து நீங்கள் நட்டப்பட்டால் இழப்பீடு கிடைக்குமா என்றும் பலர் கேட்டிருந்தார்கள். பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் அந்தப் பணம் இந்தியாவின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. முன்பு இழப்பீட்டுக்கு வழி செய்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காத இந்த ஏற்பாட்டை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை.

*

கேள்வி: ஜெராக்ஸ் கடையோடு பிரௌசிங் சென்டரும் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போட வருகிறவர்கள் ஆதாரை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெற்றோர் ஒப்புதல் விதி வந்தால் அதற்கும் என்னிடம்தான் வருவார்கள். நான் எப்படி நடந்துகொள்வது?
– கடைக்காரர், ஆரணி

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி. வேலை முடிந்ததும், வாடிக்கையாளர் எழுந்து போகுமுன், அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலில் அழித்தால் மட்டும் போதாது: கைப்பேசியின் கேலரியில் ஒரு பிரதி இருக்கும், கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஒன்று இருக்கும், ரீசைக்கிள் பின்னில் இன்னொன்று இருக்கும். ஸ்கேன் செய்த படம் தனி இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கலாம், அதையும் பாருங்கள். சரியாக விழாத ஜெராக்ஸ் தாள்களை எடைக்குப் போடாமல் கிழித்துவிடுங்கள். ஓடிபி வந்தால் அதை வாடிக்கையாளரே தட்டச்சு செய்யட்டும். படிக்கத் தெரியாதவராக இருந்தால், எதற்காக வந்த எண் அது என்று சொல்லிவிட்டு நீங்கள் போடுங்கள். பெற்றோர் ஒப்புதலுக்காக வருகிறவரிடம், எந்தச் செயலிக்கு, எந்தப் பிள்ளைக்காக என்பதைத் திரையிலிருந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்கிற தாயும் இருப்பார்.